இருசக்கர வண்டிப் பிரயாணமும் நம் குடும்பங்களின் க்ஷேமமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

கல்வி நிதியைக் குறித்தோ விவாகச் செலவுகளைக் குறித்தோ பேசும்படி பணிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். காரியதரிசி அவர்களோ, "தாங்கள் நெடுங்காலமாக இருசக்கர வண்டியில் உத்தியோகத்திற்குச் சென்று வருகிறீர்கள், அதைப் பற்றியே பேசுங்கள்" என்று கட்டளையிட்டார்கள். இஃது அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இம்மண்டபத்தின் வாயிலில் வரிசையாக நிற்கும் வண்டிகளைக் கண்ணுற்று உள்ளே வந்தவர் எவரும் அவ்வாறு நினையார். பாரத தேசத்தில் பதிவு செய்யப்பட்ட மோட்டார் வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகளே. நம் இல்லங்களிலோ, வண்டியில்லாத வீட்டைத் தேடித்தான் காணவேண்டும்.

இவ்வண்டியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். 1885-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தில் டைம்லர், மேபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டியதே மோட்டார் சைக்கிளின் ஆரம்பம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1946-இல், இத்தாலி தேசத்துப் பியாஜியோ கம்பெனியார் வெஸ்பா என்னும் ஸ்கூட்டரை வெளியிட்டனர். அதனை வகுத்த தாஸ்கானியோ என்பவர் ஆகாயவிமான நிபுணர். காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரவும், எஞ்சினின் எண்ணெய் உடையிற் படாமலிருக்கவும் அவர் செய்த ஏற்பாடு, வேட்டியும் சேலையும் உடுத்தும் நம்மவர்க்கென்றே செய்தது போல் அமைந்துவிட்டது.

நம் சென்னையில் 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கியது. 1972-இல் பஜாஜ் கம்பெனியாரின் சேதக் ஸ்கூட்டர் வெளிவந்தது. அக்காலத்தில் ஒரு ஸ்கூட்டர் வேண்டுமாயின் முன்பணம் கட்டிப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும். மகள் பிறந்தவுடன் பதிவு செய்தால் அவள் பள்ளியில் சேரும்போது வண்டி வரும் என்று பெரியோர் வேடிக்கையாகச் சொல்வர். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபின் இந்நிலை மாறத் தொடங்கியது. பால்காரரும், காய்கறி வியாபாரியும், துணிமூட்டை சுமந்து ஊரூராய்ச் சென்றவரும் அதன்மீதேறித் தத்தம் தொழிலைப் பெருக்கினர். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா வண்டி குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடி, மாதச் சம்பளக்காரனுக்கு உற்ற துணையாயிற்று. நம் சமூகத்தில் எத்தனையோ பிள்ளைகள் பட்டதாரிகளானதும், எத்தனையோ சிறுகடைகள் பெருங்கடைகளானதும் இவ்வண்டிகளின் உதவியால் என்பதை மறத்தலாகாது.

நிற்க. தினந்தோறும் இவ்வண்டியிற் செல்வோனுடைய வாழ்வு எத்தகையது என்பதை அறியாதாருக்காகச் சிறிது விவரிக்கிறேன். யான் தாம்பரத்திலிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்பவன். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், கத்திப்பாரா என்று அவ்வழி நீளும். காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டால் ஒருவாறு போய்ச்சேரலாம். எட்டேகாலுக்குப் புறப்பட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் தவங்கிடக்க வேண்டும். சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்பவனுக்கு மேலே சூரியன், கீழே தார்ச்சாலை, இருபுறமும் பஸ்களின் எஞ்சின் என்று நான்கு பக்கமும் அனல். ஐப்பசி கார்த்திகையிலோ மழைக்கோட்டுக்குள் வேர்வையும் வெளியே மழையுமாக இரட்டை ஸ்நானம். தேங்கிய நீரின் கீழ்ப் பள்ளம் உள்ளதோ, மூடியற்ற சாக்கடைத் துவாரம் உள்ளதோ, எவரும் அறியார். சாப்பாட்டுப் பை ஒரு கொக்கியில், பிள்ளையின் புத்தகப்பை ஒரு தோளில், மனத்திலோ மேலதிகாரியின் முகம். இவ்வாறு செல்பவனுக்கு வழியில் டயர் பஞ்சரானால், வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர்க் கடை தேடும் அந்த அரை மணி நேரம் ஒரு யுகம் போலாகும்.

ஆயினும் இவ்வாழ்வில் இனிமையும் உண்டு. வேலை முடிந்து திரும்புகையில் மல்லிகைப்பூ வாங்க நினைத்த இடத்தில் நிற்கலாம். நள்ளிரவில் தாய்க்கு மருந்து வேண்டுமாயின் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. தெருவோரத்து மெக்கானிக் பெயர் சொல்லி அழைத்து, ஒரு ஸ்பானரால் நம் கவலையைத் தீர்த்து, "பத்து ரூபாய் கொடுங்கள், போதும்" என்பார். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாதவர், "ஸார், ஸைடு ஸ்டாண்டு எடுக்கவில்லை" என்று எச்சரிப்பார். சாலையில் செல்வோர் ஒருவருக்கொருவர் செய்யும் இச்சிறு உபகாரங்களே இன்னும் பலரை உயிரோடு வீடு சேர்க்கின்றன.

இனி, யான் முக்கியமாகச் சொல்லவந்த விஷயத்திற்கு வருகிறேன். நம் சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறீர்கள். அங்கே வெளியாகும் இரங்கற் குறிப்புகளில் முன்பெல்லாம் எண்பது வயது நிறைந்தோரின் படங்களே காணப்படும். இப்போதோ இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் படங்கள் இடையிடையே வருகின்றன. "விபத்தில்" என்ற ஒரு சொல்லோடு அக்குறிப்பு முடிந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் விவாகம் நிச்சயமாகி மூன்று வாரமே இருந்தவர். அடுத்த தெருவில் பால் வாங்கச் சென்றார். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்தது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. அக்குடும்பத்தார் இச்சபையில் இருப்பதால் பெயரைச் சொல்லேன்.

2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அவர்களுள் எத்தனை தாய்மாரும் மனைவிமாரும் இருந்திருப்பர் என்பதைச் சகோதரிகள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தலைக்கவசம் அரசாங்கம் நமக்கு இட்ட தண்டனை என்று நினைப்போர் உளர். அதன் பிறப்பை அறிந்தால் அவ்வாறு நினையார். லாரன்ஸ் என்னும் பெயர்பெற்ற ஆங்கிலேயப் போர்வீரர் 1935-ஆம் வருஷம் மே மாதம், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களைத் தப்புவிக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பி, விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளைச் சிகிச்சை நிபுணர் ஒருவர். அம்மரணம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. யுத்தகாலத்தில் மோட்டார் சைக்கிளிற் சென்ற படைவீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் தம் முடிவை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஆங்கிலப் படையில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. தலைக்கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கிறது என்று, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் பெரியோர் சொல்லியிருக்க, அச்சிரசை மட்டும் திறந்துவிட்டுச் செல்வது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் ஓட்டுவோருக்கும் பின்னமர்வோருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை வாங்கி, தாடைப்பட்டையை இறுக்கிப் பூட்டவேண்டும். பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே தான் பறந்துவிடும்.

வேகத்தைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நாம் அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தும் ஒரு விநாடிக்குள் சுமார் 8 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்திலோ சுமார் 17 மீட்டர். அழுத்தியபின் நிற்பதற்கு ஆகும் தூரம் வேகம் இருமடங்கானால் இருமடங்கன்று, நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேற் சாய்வதால், தடுக்கும் வலிமை முன்பிரேக்குக்கே அதிகம். முன்பிரேக் கவிழ்த்துவிடும் என்று அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர் சறுக்கி விழுகின்றனர். கைப்பிடி நேராக இருக்கையில் இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்தவேண்டும். கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். அன்று பாதி வேகமே போதும். திரும்பப்போகும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழைவது, ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நம்மை நாமே மறைத்துக்கொள்வதாகும். சகோதரிகள் முந்தானையையும் துப்பட்டாவையும் சேர்த்துச் செருகியபின்னரே அமரவேண்டும். பின்சக்கரத்தில் அவை சுற்றிக்கொண்டு நேர்ந்த விபரீதங்கள் பல.

அடுத்தது, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குச் சாவி கொடுப்பதைச் சிலர் பெருமையாகக் கருதுகின்றனர். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அப்பிள்ளை குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்; அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் அசிரத்தை கூடாது. வண்டியின் சொந்தக்காரர் தாமே ஓட்டிச்சென்று மாண்டால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கத்தக்க விபத்துக் காப்பு ஒன்று உண்டு. அது சொந்தக்காரருக்கே உரியது. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்கவேண்டும். வண்டி தகப்பனார் பெயரில் இருக்க, மகன் ஓட்டிச்சென்றால் அத்தொகை வராது. ஆகையால் எவர் தினமும் ஓட்டுகிறாரோ அவர் பெயரிலேயே வண்டி இருப்பது நலம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நம் விவாகங்களில் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கொடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. வரதக்ஷிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தது. எனினும், "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; பையன் வேலைக்குப் போக ஒரு வண்டி மட்டும்" என்று சொல்லிக் கேட்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டு, விலையுயர்ந்த வேகமான வண்டியை வாங்கித் தருகிறார். அவ்வண்டியே சில வீடுகளில் அப்பெண்ணின் மாங்கல்யத்துக்கு யமனாயிற்று. அதன் தவணையை அவளுடைய தகப்பனார் அதற்குப் பின்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். இதனினும் கொடியது உண்டா?

மகளுக்கு ஏதேனும் கொடுத்தே தீரவேண்டும் என்னும் பிரியம் உள்ளவர்கள், விவாகத்துக்கு முன்பே அவளுக்கு ஓட்டக் கற்பித்து, அவள் பெயரிலேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுங்கள். வேலைக்குச் செல்லும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க விலையிற் பாதி, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2018-இல் தொடங்கியபோது அதனை நாடிய பெண்கள் பலர். வண்டியோட்டத் தெரிந்த பெண் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் எவர் தயவையும் எதிர்பாராள்.

சிலர், இவ்வண்டிகளையே விலக்கிவிடலாகாதா என்று கேட்கின்றனர். ரயிலும் பஸ்ஸும் வசதியாக உள்ள இடத்தில் அவற்றிற் செல்வதே உத்தமம். ஆனால் இரவுவேலை முடிந்து இரண்டு மணிக்குத் திரும்புவோனுக்கும், மூன்று கடைகளுக்குச் சரக்குப் போடுவோனுக்கும் வேறு கதியில்லை. ஆதலின் வண்டியை விலக்குதல் வழியன்று. அதனை ஓட்டும் முறையைத் திருத்துதலே வழி.

முடிவாக, இச்சபையின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, நம் சங்கத்தின் பரிசளிப்பு விழாவில் கல்லூரி மாணவர்க்குக் கேடயங்களுக்குப் பதிலாக ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசங்கள் வழங்கவேண்டும். இரண்டாவது, மாப்பிள்ளை வீட்டார் வண்டி கேட்கும் விவாகத்துக்கு நம் மண்டபத்தை வாடகைக்கு விடுவதில்லை என்று தீர்மானிக்கவேண்டும். மூன்றாவது, வருஷத்துக்கு ஒருநாள் அங்கத்தினரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பத்திரங்களைப் பார்த்துக் குறைகளைத் தீர்த்துவைக்க நம் வக்கீல்கள் முன்வரவேண்டும். நான்காவது, சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் எச்சாதியாராயினும், எம்மதத்தாராயினும், நம் இளைஞர்கள் வண்டியை நிறுத்தி 108-க்குச் செய்தி சொல்லவேண்டும். உதவுவோரைச் சட்டம் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

இன்று இக்கூட்டம் முடிந்து நீங்கள் வண்டியேறும்போது, பின்னால் அமரும் தாயாருக்கும் மனைவிக்கும் தலைக்கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையாயின் அவர்களை இன்று பஸ்ஸில் அனுப்புங்கள். நாளைக் காலையில் ஒன்று வாங்குங்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்னும் பழமொழி நம் வீடுகளில் மெய்யாகட்டும்.