வெப்பம் பரப்பும் மூடி

அடிப்புறத்தில் செம்பு ஏற்றிய எவர்சில்வர் பாத்திரத்தை நம் இல்லங்களில் எல்லோரும் அறிவோம். எவர்சில்வர் துருப்பிடிக்காது, பளபளப்பாக இருக்கும். ஆனால் வெப்பத்தைப் பரப்பும் ஆற்றல் அதற்குக் குறைவு. தீ படும் இடம் மட்டும் கொதிக்க, அவ்விடத்தில் பால் அடிப்பிடிக்கும். செம்போ அதைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. அடியில் ஒரு செம்புத் தகடு சேர்ந்ததும் சூடு எங்கும் ஒரு சீராகப் பரவிவிடுகிறது.

இதே செம்புத் தகடு, நிக்கல் முலாம் பூசப்பெற்று, கணிப்பொறியின் மூளை எனத்தக்க செயலியின் மீதும் அமர்ந்திருக்கிறது. அத்தகட்டைப் பற்றியும், அது கழன்றுபோனால் மீண்டும் பொருத்துவது எவ்வாறு என்பதைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறோம்.

ஓசூரைக் கடந்து மாநில எல்லையைத் தாண்டியதும் எதிர்ப்படும் கன்னட நாட்டு ஊர் அத்திபெலே. நம்மவர் நாவில் அது அத்திப்பள்ளி. இவ்வூரில் வாடகைக்குக் குடியிருந்து, பொம்மசந்திரத்துக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குச் சென்று வரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்குக் கணிப்பொறி வேண்டுமெனில், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பொறியே இத்தகைய குடும்பங்களின் கைக்கு எட்டுவது. அப்படி வாங்கிய பொறியொன்று பொறியியல் பயிலும் மாணவர் ஒருவரின் இல்லத்தில் நம் பார்வைக்கு வந்தது. அது அடிக்கடி சூடேறி நின்றுபோகவே, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தவர் செயலியின் மூடியைக் கழற்றிவிட்டு, செயலியையும் மூடியையும் தனித்தனியே ஓர் உறையிலிட்டு, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்துவிட்டார். மாதமோ கடைசி வாரம். மாணவர் தம் செயல்திட்டத்தை ஒப்படைக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

மூடி இல்லாமலே செயலியை இயக்கலாகாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வியே. மடிக்கணினிகளில் செயலி மூடியின்றியே இயங்குகிறது. மேசைக் கணிப்பொறிகளிலும் 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த பென்டியம் மூன்று, அத்லான் செயலிகளிற் பல திறந்த சில்லுகளாகவே இருந்தன. குளிர்விக்கும் உலோகப் பாளத்தைச் சற்றே சாய்த்துப் பொருத்தினாலும் அச்சில்லின் மூலை நொறுங்கிவிடும். அவ்வாறு பாழானவை பல. பின்னர் மூடி வழக்கத்துக்கு வந்தது. இன்றைய மேசைக் கணிப்பொறிகளில் பாளத்தின் உயரம் மூடியின் உயரத்தைக் கணக்கிட்டே அமைக்கப்படுகிறது. நாம் பார்த்த நான்காம் தலைமுறை இன்டெல் செயலியைத் தாய்ப்பலகையின் குழியில் இருத்துகிற கொக்கியும் அம்மூடியின் விளிம்பைத்தான் அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே மூடி போனால் பிடிப்பும் போயிற்று.

வெப்பத்தின் கணக்கையும் சிறிது காண்போம். அச்செயலி முழுமூச்சாக இயங்கும்போது அதற்கு வகுத்த வெப்ப அளவு 84 வாட். வெப்பம் பிறக்கும் ஸிலிக்கன் சில்லின் பரப்போ 177 சதுர மில்லிமீட்டர். நம் கட்டைவிரல் நகத்தின் அளவு என்னலாம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 47 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட்தான். இஸ்திரிப் பெட்டியைப்போல் ஒன்பது மடங்கு செறிவான வெப்பம் அச்சிறு நகத்தளவில் எழுகிறது! அதைப் பரப்பி மேலேயுள்ள பாளத்துக்குக் கொடுப்பதே மூடியின் கடமை. கடமை தவறினால் செயலியின் வெப்பம் 100 டிகிரியை அணுகும். தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் நின்றுவிடும்.

சில்லுக்கும் மூடிக்கும் இடையே உள்ள பொருள் எது என்பதே அடுத்த செய்தி. 2011-இல் வந்த இன்டெல் செயலிகளில் இண்டியம் என்னும் மென்மையான உலோகத்தால் மூடியைப் பற்றவைத்திருந்தார்கள். 2012-இல் வந்த தலைமுறையிலிருந்து மேசைக் கணிப்பொறிகளுக்கு உரியவற்றில் சாதாரண வெப்பப் பசையை இட்டார்கள். 2018-இல் உயர்வகைச் செயலிகளுக்கு மீண்டும் பற்றவைப்பு வந்தது. பசையிட்டவற்றைத்தான் வீட்டில் திறந்து மூட முடியும். பற்றவைத்தவற்றைக் கத்தியிட்டு நெம்பினால் சில்லே பிளந்துவிடும். அவற்றில் கை வைக்கலாகாது.

இனி, பொருத்தும் முறை. முதலில் பட்டு, நைலான் ஆடைகளைத் தவிர்த்து, கணிப்பொறிப் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பலகையிலும் மூடியிலும் ஒட்டியுள்ள பழைய கறுப்புப் பசையைக் காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் சுரண்ட வேண்டும். பிளேடு வேண்டாம், பச்சைப் பலகையின் மேற்பூச்சுக்கு அடியில் மயிரிழை போன்ற மின்பாதைகள் ஓடுகின்றன. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சிழை உதிராத துணியால் சில்லையும் மூடியின் உட்புறத்தையும் மெல்லத் துடைக்க வேண்டும்.

சில்லின் மீது வெப்பப் பசையை மெல்லிய படலமாகத் தடவுக. அதிகம் தடவினால் அதிகம் குளிரும் என்பது தவறான எண்ணம். பசை காற்றைவிட நல்ல கடத்தியே தவிர, செம்புக்கு ஈடாகாது. அது இடைவெளியை நிரப்புவதற்கு மட்டுமே உரியது. விளிம்பில் இடும் ஒட்டுப் பசைக்கும் இது பொருந்தும். ஒட்டுப் பசை தடித்தால் மூடி மேலே எழும்பும். சில்லுக்கும் மூடிக்கும் இடையே வெளி உண்டாகும். செய்த வேலை முழுதும் வீணாகும். நான்கு மூலைகளிலும் சிறு துளி போதும். சுற்றிலும் அடைத்துவிடாமல், உள்ளிருக்கும் காற்று விரியவும் சுருங்கவும் வழி விடுக. கடையில் வாங்கும் ஸிலிக்கன் ஒட்டுப் பசையில் புளித்த காடியின் வாடை வீசுமானால் அது ஆகாது; அந்த அமிலம் செம்பை அரிக்கும். நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பலகையின் ஒரு மூலையில் பொன்னிற முக்கோணம் இருக்கும். அதனோடு மூடியின் எழுத்துகள் முன்பு எத்திசையில் நின்றனவோ, அத்திசையிலேயே மூடியை வைத்து, குழியில் இருத்திக் கொக்கியைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது கொக்கி மூடியைச் சற்றே இழுக்கும். ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுதல் நலம். பின்பு ஓர் இரவு முழுதும் அப்படியே விட்டுவிட வேண்டும். பொறுமையே இங்கே முதன்மையான கருவி.

திரவ உலோகம் இன்னும் சிறந்தது என்று சிலர் கூறுவர். உண்மையே, அது வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். சில்லின் அருகில் வரிசையாக உள்ள சிறு மின்பாகங்களின் மேல் ஒரு துளி சிந்தினாலும் செயலி பாழ். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தையும் தின்றுவிடும். இல்லத்து வேலைக்குச் சாதாரணப் பசையே போதுமானது.

அந்த மாணவரின் செயலியை இம்முறையிலேயே பொருத்தினோம். மறுநாள் பொறி இயங்கியது. நெடுநேரம் இயங்கியும் நிற்கவில்லை. அவர் தம் செயல்திட்டத்தை உரிய நாளில் ஒப்படைத்தார்.

எனினும், நேயர்களே, சூடேறும் பொறியையெல்லாம் இவ்வாறு திறந்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. முதலில் விசிறியின் தூசியைத் துடையுங்கள். அடுத்து மூடிக்கு மேலுள்ள பசையை மாற்றுங்கள். பெரும்பாலும் அவ்வளவில் குறை தீர்ந்துவிடும். உத்தரவாதக் காலம் உள்ள செயலியைத் திறந்தால் அவ்வுரிமை போகும். வேறு வழியில்லாத இடத்தில்தான் இவ்வேலை தகும்.

மூடி பொருத்துதல் இன்று வீட்டு வேலை மட்டுமன்று, பெருந்தொழிலும் ஆகும். சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் தொழிலில் அதுவும் ஒரு படி. சென்னையையடுத்த மறைமலை நகரில் இத்தொழில் முன்னமே தோன்றியது. அண்மையில் குஜராத்தின் சானந்தும், 2024-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அஸ்ஸாமின் ஜாகிரோடும் இத்தொழிலுக்குரிய ஊர்களாகியுள்ளன. பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அங்கும் இடம் உண்டு. பழைய செயலி ஒன்றைப் பொறுமையோடு துடைத்து, நேராக வைத்து, அளவோடு பசையிட்டு மூடக் கற்ற கை, அத்தொழிலின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டது என்றே சொல்லலாம்.