பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் தாய்

(ரமணாசிரமம் பகுதியில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது நமக்குப் புதிதன்று. மண் கவலைப்படாது. கருவுற்ற தாயோ, வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய முடிவு வரும்வரை ஊணும் உறக்கமும் குன்றி வாடுகிறாள். அவளுக்கு வீட்டாரும் ஊராரும் செய்யவேண்டுவது யாது என்பதையே இன்று கூற விழைகிறோம்.

முதலில் பரிசோதனையின் தன்மையை அறிவோம். கருவுற்ற 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து, டவுன் நோய்க்குறி போன்ற குறைபாடு இருக்கக்கூடிய வாய்ப்பைக் கணக்கிடுகின்றனர். ‘250-இல் ஒன்று’ என முடிவு வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. அத்தகைய முடிவு பெற்ற 250 தாய்மாரில் 249 பேரின் குழந்தைகளுக்கு அக்குறைபாடு இராது என்பதே அதன் பொருள். உறுதி செய்யவேண்டின், 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பர். அதனால் கருச்சிதைவு நேரும் அபாயம் சிறிதளவு உண்டு. முடிவு வர இரண்டு, மூன்று வாரங்களும் ஆகலாம். அந்நாட்களே தாய்க்கு மிகவும் கடினமானவை.

அப்போது அவளை வருத்துவது பழிச்சொல். கிரகணத்தில் வெளியே சென்றாள், விரதத்தைக் கைவிட்டாள் என்று குறைகூறுவது அறியாமை. டவுன் நோய்க்குறி பெரும்பாலும் உயிரணுக்கள் பிரியும்போது தற்செயலாக நேர்வது. தலசீமியா என்னும் இரத்த நோயின் கூற்றைத் தாய், தந்தை இருவருமே தாங்கியிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இருவர் வழியும் வந்ததற்கு ஒருத்தியை மட்டும் நோவது நியாயமாகுமா?

சட்டமும் அவள் பக்கம் நிற்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சோதனையின் பக்க விளைவுகளை அவளுக்கு விளக்கி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சம்மதம் பெற்ற பின்னரே கருவின் மரபுக்கூற்றைச் சோதிக்கலாம். ஆணா, பெண்ணா என்று கூறுவது குற்றம். அதை அறியும்பொருட்டுச் சோதனை செய்யுமாறு கணவரோ உறவினரோ தூண்டுவதும் குற்றமே. கருவைக் கலைக்க நேரின், வயது வந்த பெண்ணின் சம்மதமே சட்டத்துக்கு வேண்டுவது. கணவரின் கையொப்பம் அன்று.

ஆதலின் நாம் செய்யவேண்டுவன சில. மருத்துவமனைக்கு அவளைத் தனியே அனுப்பாமல் கணவரும் உடன் செல்லவேண்டும். முடிவின் பொருளை அக்கம்பக்கத்தாரிடம் கேளாமல் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். மரபியல் ஆலோசனை வேண்டுவோர்க்கு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவ்வசதி உண்டு. அழுகையும் உறக்கமின்மையும் நீடித்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவியுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்திகளைக் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டுகிறோம். ஆனால் எந்த வீட்டுப் பெண்ணின் முடிவும் ஊர்ப்பேச்சாகிவிடக் கூடாது.

முடிவு எதுவாயினும், “நாங்கள் உன்னுடன் இருக்கிறோம்” என்னும் ஒரு சொல் அவளுக்குப் பெரும் பலம். அமைதி நாடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நம் பகுதிக்கு வருகின்றனர். அவ்வமைதி நம் வீட்டில் வாழும் தாய்க்கும் கிடைக்கச் செய்வோமாக!