கட்டைவிரலும் உழைக்கிறது



தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் கொழுந்து பறிக்கும் தாய்மார்களின் கைவலி நமக்குப் புதிதன்று. இன்று அவர்களுடைய பிள்ளைகளும் கட்டைவிரல் நோகிறது என்கிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தோழர்களும் இதையே கூறுகின்றனர். கருவி வேறு, வலியின் காரணம் ஒன்றே.

1713இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழில்நோய்கள் குறித்த தம் நூலில், எழுத்தர்களின் கை தளர்வதற்கு ஓயாத ஒரே அசைவைக் காரணமாகக் காட்டினார். 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன், கட்டைவிரலை இயக்கும் தசைநாண்களின் உறை மணிக்கட்டருகே தடித்து இறுகும் நோயை விவரித்தார். கைப்பேசியை ஒரு கையில் ஏந்தி, அக்கையின் கட்டைவிரலாலேயே மணிக்கணக்கில் திரையைத் தள்ளும்போது அதே தசைநாண்கள்தாம் ஓய்வின்றி உழைக்கின்றன. கைப்பேசி ஒன்றே காரணம் என மருத்துவம் அறுதியிடவில்லை. எனினும் மிகுபயன்பாட்டுக்கும் இவ்வலிக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

கட்டைவிரலின் அடியில் வலி, பொருளைப் பற்றும்போது வலி மிகுதல், வீக்கம் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே கவனித்தால், பெரும்பாலும் ஓய்வும் மணிக்கட்டுப் பட்டையும் பயன்தரும். வலியை எழுதச் சோம்பும் பிள்ளையின் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. 2020 ஜூன் முதல் நாள் கேரளத்தில் வகுப்புகள் திரைக்கு மாறின. அப்போது கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு அதைத் திரட்டிக் கொடுத்தவர்கள் நாம். அது சரியான பணி. கல்வி அறுந்துபோகாமல் காத்தது. ஆனால் பள்ளி திறந்தபின் அக்கருவி என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை. முடிவே இல்லாமல் உருளும் திரை தற்செயலாக அமைந்ததன்று. பார்வை நீளும் ஒவ்வொரு நிமிடமும் நிறுவனத்துக்கு விளம்பர வருவாய். பிள்ளையின் விரல் கூலியின்றி உழைக்கிறது.

லயத்து வீட்டின் ஒற்றை அறையில், விளையாட இடமின்றி, மழைமாலையில் வேறு என்ன செய்வான் சிறுவன்? எனவே, "கைப்பேசியை வை" என்னும் அறிவுரையோடு நம் கடமை முடியாது. கிளைதோறும் மூன்று பணிகளை மேற்கொள்வோம். வலியுள்ள பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். இரு கைகளையும் மாற்றிப் பயன்படுத்தவும், இடையிடையே விரல்களுக்கு ஓய்வளிக்கவும் பெற்றோர் கூட்டங்களில் கற்பிப்போம். விளையாட்டுத் திடலுக்கும் தமிழ் நூல்கள் உள்ள வாசகசாலைக்கும் ஊராட்சியிலும் தோட்ட நிர்வாகத்திடமும் கோரிக்கை எழுப்புவோம்.

தாயின் கைக்காகப் போராடியவர்கள் நாம். மகளின் கையையும் காப்போம்.