தண்டனைப் பதிவேட்டில் ஏறாத தண்டனைகள்



தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் சாந்திபுரத்தில் இன்று ஒரு கடினமான பொருளைப் பேசக் கூடியிருக்கிறோம். மருத்துவர்கள்மீது எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடுதான் அது. பெண் மருத்துவர்கள் இவ்வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளிதான் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. திருப்பதியில் மகளிருக்கென்றே பத்மாவதி மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கப்பட்டது.

2015இல் 'பிஎம்சி மெடிசின்' இதழ் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வின்படி, மருத்துவர்கள்மீது சட்ட நடவடிக்கையோ ஒழுங்கு நடவடிக்கையோ வரும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கனடாவில் 2000 முதல் 2009 வரை தண்டிக்கப்பட்ட 606 மருத்துவர்களில் 92 விழுக்காட்டினர் ஆண்கள். ஆண்களில் அறுவை மருத்துவர்கள் அதிகம், அவர்கள் பார்க்கும் நோயாளிகளும் அதிகம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் அந்தக் கனடாத் தண்டனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பாலியல் முறைகேட்டுக்காக விதிக்கப்பட்டது. அதை வேலைப்பளுவின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

பதிவேட்டில் பெண்களின் பெயர் குறைவாக இருப்பதால் அவர்களுக்குச் சலுகை கிடைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஹெதர் சார்சன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் அமெரிக்க அறுவை மருத்துவர்களுக்கு மற்ற மருத்துவர்கள் நோயாளிகளை அனுப்பிவைக்கும் போக்கை ஆராய்ந்தார். நோயாளி ஒருவர் இறந்துவிட்டால், ஆண் மருத்துவரைவிடப் பெண் மருத்துவருக்கு வரும் நோயாளிகள் மிக அதிகமாகக் குறைகிறார்கள். அதே துறையின் மற்றப் பெண்களையும் அது பாதிக்கிறது. இந்தத் தண்டனையை எந்த மருத்துவக் கவுன்சிலும் விதிக்கவில்லை. மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

நம் நாட்டில் இப்படிப் பதிவேட்டில் ஏறாத தண்டனை உயிரையே வாங்கியிருக்கிறது. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கில் ஒரு தாய் இறந்தார். பிரசவம் பார்த்த பெண் மருத்துவர்மீது காவல்துறை கொலை வழக்குப் பதிந்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார். தகுதியுள்ள மருத்துவரின் சுதந்திரமான கருத்தைப் பெறாமல் மருத்துவர்மீது நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இலேயே வழிகாட்டியிருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்தும் அந்த வழிகாட்டுதல் அந்தக் காவல் நிலையத்தை எட்டவில்லை.

மூன்று மாநில எல்லைக்கு அருகிலுள்ள நம் ஊரின் நிலையைப் பாருங்கள். இங்குள்ள மருத்துவர்மீது புகார் என்றால் ஆந்திர மருத்துவக் கவுன்சிலுக்கு, விஜயவாடாவுக்கு எழுத வேண்டும். கிருஷ்ணகிரியில் சிகிச்சை பெற்றால் சென்னைக்கு, கோலாரில் பெற்றால் பெங்களூருக்கு. மனைவியைப் பறிகொடுத்த கூலித் தொழிலாளி இவற்றில் எங்கே போவார்? பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போவார், அல்லது உறவினரைத் திரட்டிக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வருவார். அந்நேரம் பிரசவ அறையில் பணியில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண்தான். கவுன்சில் தொலைவில் இருப்பதன் சுமை அவர்மேல் இறங்குகிறது. நோயாளியின் குடும்பத்துக்கும் நியாயம் கிடைப்பதில்லை.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கின்றன. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், இன்றும் நமக்கு அந்தப் பழைய விதிகள்தான். அவற்றையாவது முழுமையாக நடைமுறைப்படுத்தக் கேட்போம். மாவட்டத் தலைநகரிலேயே புகாரை வாங்கும் ஏற்பாடு வேண்டும். வந்த புகார்கள், தள்ளப்பட்டவை, தண்டனைகள் ஆகியவற்றை ஆண், பெண் வாரியாகவும் துறை வாரியாகவும் கவுன்சில்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மகப்பேற்று மருத்துவரைக் கண் மருத்துவரோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் கணக்கு நமக்கு வேண்டாம்.

முதல் அமர்வில் பேச இருப்பவர்கள் பிரசவ அறைகளில் பணியாற்றும் இளம் மருத்துவர்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை மூத்தவர்கள் குறுக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.