பரிசு எழுத்துக்கா, சான்றிதழுக்கா?



1991இல் பிரிட்டனின் புக்கர் பரிசு இறுதிப்பட்டியலில் ஆறு நூல்கள் இருந்தன. ஆறும் ஆண்கள் எழுதியவை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பெண்களுக்கான புனைவுப் பரிசு. 1996 முதல் வழங்கப்படுகிறது. ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட மேடை அது. இடஒதுக்கீட்டுக்காகப் போராடும் நமக்கு அந்த நியாயம் புரியும்.

2019இல் அதன் நெடும்பட்டியலில் அக்வேகி எமெசியின் முதல் நாவல் இடம்பெற்றது. எமெசியின் தந்தை நைஜீரிய இக்போ, தாய் மலேசியத் தமிழர். தான் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தவர். அடுத்த நாவலின்போது, சட்டப்படி அவருடைய பாலினம் என்ன என்று பரிசுக் குழு கேட்டது. இனி என் நூல்களை இந்தப் பரிசுக்கு அனுப்ப மாட்டேன் என்று 2020இல் எமெசி விலகினார்.

'திருநங்கைகளைச் சேர்த்தால் பெண்களின் இடம் பறிபோகாதா?' என்று கேட்கிறார்கள். 2021இல் டோரி பீட்டர்ஸ் என்ற திருநங்கையின் நாவல் நெடும்பட்டியலுக்கு வந்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. அந்த ஆண்டின் பரிசு சூசன்னா கிளார்க்குக்குப் போனது. யாருடைய இடமும் பறிபோகவில்லை.

'நாமே சாதிச் சான்றிதழ் கேட்கிறோமே, பாலினச் சான்றிதழ் கேட்டால் என்ன தவறு?' என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. சாதி நாம் தேர்ந்துகொண்டதல்ல, சமூகம் நம்மீது சுமத்தியது. அதற்கு ஊரே சாட்சி. பாலின அடையாளம் அப்படியல்ல. ஒருவர் தன்னை யாரென்று உணர்கிறாரோ, அதற்கு அவரே சாட்சி. பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீதிமன்றம் கேட்காத சான்றை விருதுக் குழு ஏன் கேட்க வேண்டும்?

நம் இயக்கங்களும் சிறுபத்திரிகைகளும் விருதுகள் தருகின்றன. அவர்களுக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, பாலினம் குறித்து எழுத்தாளர் சொல்வதே போதும். மருத்துவச் சான்றோ அடையாள அட்டையோ கேட்காதீர்கள்.

இரண்டு, வீடு வைத்த பழைய பெயரை அறிவிப்பிலோ மேடையிலோ சொல்லாதீர்கள். அவர் எழுதும் பெயரே அவர் பெயர்.

மூன்று, பெண்களுக்கான விருதில் திருநங்கைகளும் உண்டு என்று விதியிலேயே எழுதுங்கள். ஆனால் திருநம்பியைப் பெண்கள் பட்டியலில் சேர்ப்பது உபகாரம் அல்ல, அவமதிப்பு. எல்லோரையும் அழைக்க விரும்பினால் விருதின் பெயரையே விரிவாக்குங்கள். விருந்தினராக ஓர் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள்.

பிறப்பை வைத்து ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்காதே என்பதுதான் நம் முதல் முழக்கம். அது விருதுப் படிவத்துக்கும் பொருந்தும்.