குருதிக்குழாய் அடைப்பும் ஹோமோசிஸ்டீனும்



குடும்பத்தைத் தாங்குபவர் மாரடைப்பால் மாண்டால், பிள்ளைகளின் படிப்பும் அன்றே முறிந்து போகின்றது. ஆகவே, கல்விக்குப் பாடுபடும் இச்சங்கத்தில் அந்நோய் பற்றிப் பேசுவது பொருந்தும் எனக் கருதுகின்றேன்.

நாம் உண்ணும் புரதத்திலிருந்து உடலில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் உண்டாகின்றது. ஃபோலிக் அமிலம், பி6, பி12 ஆகிய வைட்டமின்கள் அதனை அளவோடு வைக்கின்றன. இவை குறையின் குருதியில் அது மிகும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பான அளவு என்பர்.

1969-இல் அமெரிக்க மருத்துவர் கில்மர் மெக்கல்லி, பிறவிக் கோளாற்றால் இப்பொருள் மிகுந்து இறந்த குழந்தைகளின் தமனிகள் முதியோருடையவை போல் தடித்திருந்ததை எடுத்துக்காட்டினார். தமனி நோய்க்கு இதுவும் காரணமாகலாம் என்றார். கொலஸ்ட்ராலையே பெரிதும் பேசிய காலம் அது. அவர் கருத்துப் புறக்கணிக்கப்பட்டது. பின்னர்ப் பல ஆய்வுகள், ஹோமோசிஸ்டீன் மிகுந்தோரிடையே இதயநோயும் மிகுந்திருக்கக் கண்டன.

ஆயின், வைட்டமின் மாத்திரையால் அதனைக் குறைத்தால் நோய் விலகுமா? 2006-இல் வெளிவந்த ஹோப்-2 ஆய்வு 5,522 பேரிடம் நடந்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைந்தது. சோதிக்காமல் தள்ளியதும் தவறு. சோதிக்காமல் நம்பியதும் தவறு. சொல்பவரின் பதவியை நோக்காது சான்றினைக் கேட்பதே கல்வி.

மற்றொன்றும் கூறுவேன். பி12 தாவர உணவில் இயல்பாக இல்லை. ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு. மாட்டிறைச்சி உண்டோம் என்று நம்மை இழித்துரைத்தவர் பலர். அவ்வுணவிலும் இச்சத்து உண்டென அறிந்த நாம் நாணித் தலைகுனிய வேண்டியதில்லை. கீரையும் பயறும் ஃபோலிக் அமிலச் சத்தைத் தருவன. அவற்றையும் நாள்தோறும் உண்போம்.

இளைஞர்களே! விளம்பரத்தைக் கண்டு வைட்டமின் மாத்திரைக்குக் காசை இறைக்காதீர். மருத்துவர் தந்ததை நிறுத்தவும் வேண்டா. பீடி, சிகரெட்டை ஒழியுங்கள். பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யுங்கள். நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்றெண்ணிக் காலம் தாழ்த்தாது 108-ஐ அழையுங்கள். கற்ற ஒருவர் வீட்டில் இருப்பதன் பயன் அதுவே.