கணினிக் கல்வியும் களப்பழக்கமும்



1991ஆம் ஆண்டில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக வளர்ந்து, 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இக்கலாசாலையிலே, தகவல் தொழில்நுட்பம் பயின்று பட்டம் பெறும் உங்களை வாழ்த்தக் கிடைத்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

நீங்கள் கற்ற வித்தை இயந்திரத்தைப் பற்றியது என்று ஊரார் எண்ணுவர். உண்மையில், ஓர் அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மனிதர் தம் காரியங்களை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைப் பிரத்தியட்சமாக அறிந்து, அந்த நடைமுறைக்கு ஒழுங்கானதோர் உருவம் அளிப்பதே அதன் சாரம். அவ்வறிவு விரிவுரை மண்டபத்திலே தொடங்கும், அங்கேயே முற்றுப்பெறாது.

இரணைமடுக் குளத்தின்கீழ் நடைபெறும் நெற்செய்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னார் காணியை இன்னாரே விதைப்பார் என்ற அனுமானத்தின்மேல் தரவுத்தளம் ஒன்றை அமைக்கும் மாணவன் பெரும்போகத்திலே பிழை காணமாட்டான். சிறுபோகத்திலோ, குளத்து நீரின் அளவுக்கேற்பப் பயிரிடும் பரப்பைக் குறைத்து, அதனைக் கமக்காரருக்குப் பங்கிட்டளிக்கும் வழக்கம் உண்டு. ஒருவருடைய வயலிலே மற்றொருவர் விதைக்கவும் நேரும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் பின்வரிசையிலே பொறுமையுடன் அமர்ந்து அப்பங்கீட்டைப் பற்றிய வாதங்களைச் செவிமடுத்தவனுக்கே, காணியின் உரிமையையும் அதிற் செய்யும் பயிர்ச்செய்கையையும் வெவ்வேறு அட்டவணைகளிற் பதிந்து, போகந்தோறும் அவற்றை இணைக்கவேண்டும் என்பது விளங்கும்.

அவ்வாறே, 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கங்கள். அதற்கு முந்தியதற்கு ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். பழைய அட்டையோடு வரும் மூதாட்டியை, பன்னிரண்டு இலக்கங்களையே ஏற்கும் படிவம் ஒன்று திருப்பியனுப்புமாயின், குற்றம் அவருடையதன்று. இடப்பெயர்வுகளிலே பத்திரங்களை இழந்து, பிரதி பெறுவதற்காகக் கந்தோர் கந்தோராய் அலைந்த மக்கள் வாழும் வன்னியிலே, படிவத்தின் ஒரு சிறு கட்டமும் மனிதரின் ஒரு நாளைப் பறிக்க வல்லது.

கையாற் செய்து கற்பதன் அவசியம் ஆய்வுகூடத்திலும் குறைவன்று. சேமித்த தரவைக் காப்புப் பிரதியிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பாராதவனுக்கு, அந்தக் காப்பு வெறும் நம்பிக்கையே. செய்து, பிழைத்து, திருத்தியவனிடத்திலேதான் நம்பிக்கை விவேகமாக மாறுகிறது.

ஆகையால், அன்பர்களே, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கொழும்பிலோ சமுத்திரத்துக்கு அப்பாலோ எங்கே பணியாற்றினும், ஒரு நிரலை எழுதத் தொடங்குமுன், அதனைப் பயன்படுத்தப்போகும் எழுதுவினைஞரின் பக்கத்திலே அமர்ந்து அவருடைய வேலையைக் கவனியுங்கள். நாளை உங்களிடம் தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவரை நகலெடுக்கும் இயந்திரத்தருகே நிறுத்திவைத்துக் காலத்தைக் கழிக்கச் செய்யாது, பொறுப்புள்ள காரியம் ஒன்றை நம்பி ஒப்படையுங்கள். உங்களுக்குக் கற்பித்தவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.